கன்றுக்குட்டிக்கு ஊசி போடச் சொன்ன காந்தி

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் கனமானது. வீட்டுல வயசான நாயோ பூனையோ முடியாம கிடக்குதுன்னா, இப்பவே கேக்குறதா அப்புறம் கேக்குறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

வருஷம் 1928. அகமதாபாத், சபர்மதி ஆசிரமம். அடிபட்டு முடமான ஒரு கன்றுக்குட்டி வலியில் கிடக்கிறது. மருந்து, பணிவிடை எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. இனி ஒன்னும் பண்ண முடியாதுன்னு மருத்துவர் கைவிரிச்சுட்டார். அதால ஒருக்களிச்சுப் புரளக்கூட முடியல. காந்திக்கு ஒரு எண்ணம் வருது: இந்த வலியை நிறுத்தணும்னா உயிரை நிறுத்துறதைத் தவிர வேற வழி இல்லை.

பசுவோட கன்று. சமணக் குடும்பங்கள் நிறைஞ்ச அகமதாபாத். சொல்றவர் காந்தி. என்ன நடக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அவர் தானா முடிவெடுக்கல. ஆசிரமத்தார் முன்னால விஷயத்தை வெச்சார். பக்கத்துல குடியிருந்த ஒருத்தர் கடுமையா எதிர்த்தார். நம்மால படைக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமை இல்லைங்கிறது அவரோட வாதம். காந்தி சொன்ன பதில்தான் எனக்கு முக்கியமாப் படுது. நம்ம சுயநலத்துக்காக உயிரை எடுத்தா அந்த வாதம் சரி. இங்க நமக்கு என்ன லாபம்னு கேட்டார். கடைசியில் ஒரு டாக்டர் வந்து, காந்தி பக்கத்துல இருக்க, விஷ ஊசி போட்டார். இரண்டு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சது.

கஸ்தூர்பாவும் முதல்ல பலமா எதிர்த்தாங்கன்னு லூயி ஃபிஷர் தன் காந்தி வரலாற்றில் எழுதுகிறார். காந்தி அவங்ககிட்ட விவாதம் பண்ணல. அப்படின்னா நீயே போய் அதைப் பார்த்துக்கோன்னு சொன்னார். அவங்க போய்ப் பார்த்துக்கிட்டாங்க. கன்று படுற பாட்டைப் பார்த்த பிறகு அவங்க மனசு மாறிச்சு.

இதை மூடி மறைக்காம காந்தியே எழுதினார். செப்டம்பர் கடைசியில் குஜராத்தி ‘நவஜீவன்’, அக்டோபரில் ‘யங் இந்தியா’. கோபக் கடிதங்கள் குவிஞ்சுது. அந்தக் கட்டுரையோட இரண்டாம் பாதியைப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்லை. அது குரங்குகளைப் பத்தினது. ஆசிரமத்துப் பயிரை நாசம் பண்ற குரங்குகளைக் கொல்லலாமாங்கிற கேள்வி. பயிரைக் காப்பாத்தக் குரங்கைக் கொன்னா அது இம்சைதான், ஏன்னா அதுல நம்ம நலன் இருக்குன்னு காந்தி ஒத்துக்குறார். கன்று ஒரு பக்கம், குரங்கு ஒரு பக்கம். செயல் ஒன்னுதான். யாருக்காகச் செய்யறோம்கிறதுதான் வித்தியாசம்.

விவாதம் சூடான பிறகு அவர் நாலு நிபந்தனை வெச்சார். நோய் தீராததா இருக்கணும். சம்பந்தப்பட்ட எல்லாரும் நம்பிக்கை இழந்திருக்கணும். எந்த உதவியும் பணிவிடையும் பலிக்காத நிலையா இருக்கணும். அந்த உயிரால தன் விருப்பத்தைச் சொல்ல முடியாம இருக்கணும். ஒன்னு குறைஞ்சாலும் கூடாதுன்னார். (நம்ம பாஷையில் சொன்னா நாலுக்கும் நடுவுல ‘ஆண்ட்’, ‘ஆர்’ கிடையாது.)

இப்ப ஏன் இந்தக் கதைன்னா, எங்க வீட்டு மணிக்கு பதினாலு வயசு. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. ஊசி போட்டுடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். உசுரைக் கொடுத்தவன் எடுத்துப்பான், நாம யாருன்னு அம்மா சொல்றாங்க. 1928ல அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அதே வாதம். அப்பா டிரிப்ஸ் செலவையும் ராத்திரித் தூக்கத்தையும் கணக்குப் போடுறார். அது குரங்கு பக்கம். நான்? அது முனகுறதைக் கேக்க முடியலங்கிறதுக்காக முடிச்சுடலாம்னு நினைக்கிறேனா, இல்ல அதுக்காகவான்னு எனக்கே பிரிச்சுப் பார்க்க வேண்டியிருக்கு.

எஞ்சினியர் புத்தி, உடனே ஒரு ஸ்கோர் தேடினேன். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004ல் ஒன்னு போட்டார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா இருக்கா. ஏழுக்கும் பத்துப் பத்து மார்க். 35க்கு மேல இருந்தா பராமரிப்பைத் தொடரலாம். உபயோகமானதுதான், தினமும் குறிச்சு வைக்கிறேன். ஆனா சந்தோஷத்துக்கு நான் ஆறு போடுறேன், அம்மா எட்டு போடுறாங்க. மணி வாலை ஆட்டுறதை ரெண்டு பேரும்தான் பார்த்தோம்.

சட்டம்னு பார்த்தா, 1960ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கு. நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதுக்கு விதை. அதோட 13ஆம் பிரிவில் ஒரு யோசனை இருக்கு: ஒரு பிராணியை உயிரோட வெச்சிருக்கிறதே கொடுமைன்னு நீதிமன்றத்துக்குப் பட்டா, அதைக் கொல்ல உத்தரவிடலாம். உயிரோட வைக்கிறதும் கொடுமையா இருக்கலாம்னு நம்ம நாட்டுச் சட்டமே எழுதி வெச்சிருக்குன்னு அம்மாகிட்ட சொன்னேன். போடா, கோர்ட்டா வந்து அதுக்குத் தயிர் சாதம் ஊட்டுதுன்னுட்டாங்க.

அதனால கஸ்தூர்பா வழிதான். போன வாரத்திலிருந்து மூணு பேரும் முறை வெச்சு ராத்திரி மணி பக்கத்துல படுக்கிறோம். அம்மா மனசு மாறிடும்னு எதிர்பார்த்தேன், மாறல. மூணாவது ராத்திரிக்கு அப்புறம் அப்பா செலவைப் பத்திப் பேசுறதை நிறுத்திட்டார். நேத்து விடியற்காலம் மணி கொஞ்சம் தயிர்த்தண்ணி நக்கிச்சு, அப்புறம் வாந்தி எடுத்துச்சு.

சனிக்கிழமை டாக்டர் வீட்டுக்கே வர்றார். அந்த மூணாவது நிபந்தனையைத்தான் அவர்கிட்ட முதல்ல கேக்கப் போறேன்: நாங்க அதுக்குச் செய்யக்கூடியது இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா டாக்டர்?