நூலகமும் கணிப்பொறியும் கைகோத்த வரலாறு

திருவாலங்காட்டு மாணவர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றை ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக நூலகத்தின் கணிப்பொறி முன் அமர்ந்து, ‘திருவாலங்காடு’ என்று தட்டுகிறார். சில நூல்கள் திரையில் தோன்றுகின்றன. ஆனால், அவருக்கு மிகவும் தேவையான ‘திருவாலங்காட்டுச் செப்பேடுகள்’ பற்றிய நூல் அவற்றில் இல்லை. நூல் நூலகத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் ஏன் கிடைக்கவில்லை?

‘காடு’ என்ற சொல் ‘காட்டு’ எனத் திரிந்ததுதான் காரணம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய கணிப்பொறிக்கு இவ்விரண்டும் வெவ்வேறு சொற்கள். நமக்கோ இரண்டும் ஒரே ஊர். இந்த இடைவெளியை நிரப்ப மொழியும் நூலும் அறிந்தவர் ஒருவர் வேண்டும். பொறியை அறிந்தவர் ஒருவரும் வேண்டும். இவ்விருவரும் எவ்வாறு ஒன்று சேர்ந்தனர்? அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

இருவகைத் திறனும் கூடிய வேலை நமக்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்கு வழங்கினான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் 31. அவற்றில் வடமொழிப் பகுதியும் உண்டு, தமிழ்ப் பகுதியும் உண்டு. வாசகத்தை இயற்றியவர் வேறு. செம்பில் பொறித்தவர் வேறு. புலவருக்குச் செம்பை வெட்டத் தெரியாது. பொறிப்பவர் பிழை செய்தாலோ புலமை வீணாகும். 1920-ஆம் ஆண்டில் கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சேறிய பிறகே ஆராய்ச்சியாளர் பலரும் இச்செப்பேடுகளை எளிதில் படிக்க முடிந்தது. ஆம், செய்தியைப் பதிவு செய்தால் மட்டும் போதாது. தேடுபவர் கையில் அது கிடைக்கவும் வேண்டும்.

கணித ஆசிரியர் நூலகரானார்

‘கிடைக்கச் செய்வது எப்படி?’ என்ற கேள்வியை ஓர் அறிவியலாகவே வளர்த்தவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது, அங்கு ஒரு கடையில் சிறுவர் விளையாட்டுச் சாதனம் ஒன்றைக் கண்டார். சில உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு எத்தனையோ உருவங்களை அமைக்கலாம். நூல்களின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். அதன் விளைவே 1933-இல் வெளிவந்த ‘கோலன்’ பகுப்புமுறை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘தஞ்சையில் மழைக்காலத்தில் நெற்பயிருக்கு வரும் நோயைத் தடுத்தல்’ என்பது ஒரு நூலின் பொருள் எனக் கொள்வோம். இதில் நெல், நோய், தடுத்தல், தஞ்சை, மழைக்காலம் என்று பல கூறுகள் உள்ளன. ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. குறியீடுகளைக் கோத்தால் நூலின் ‘முகவரி’ கிடைத்துவிடும். ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரித்துக் குறியீட்டில் எழுதும் இந்த முறை, கணிப்பொறிக்கு வேலை கற்பிக்கும் முறையை எவ்வளவு ஒத்திருக்கிறது, பாருங்கள்! மின்னணுக் கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே இது உருவாகிவிட்டது.

1962-இல் ரங்கநாதன் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அது அமைந்த இடம் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் முதன்முதலில் கணிப்பொறிகளைப் பயன்படுத்திய நிறுவனங்களுள் ஒன்றான இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஓர் அங்கமாகவே அது அமைந்தது. நூலகக் கலையும் கணக்கிடும் கலையும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

சென்னையில் ஒரு சோதனை

1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் அது நூலகப் பணிக்கும் உதவியது. டில்லியிலிருந்த இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம், கனடாவில் உருவான ஒரு மென்பொருளைக் கொண்டு, ‘தேர்ந்தெடுத்துச் செய்தி வழங்கும்’ பணியை இங்கே நடத்திப் பார்த்தது.

அது செயல்பட்ட விதம் எளியது. வேதியியல், இயற்பியல் போன்ற துறைகளின் புதிய கட்டுரைச் சுருக்கங்கள் காந்த நாடாக்களில் வெளிநாட்டிலிருந்து வரும். ஒவ்வோர் ஆராய்ச்சியாளரும் தமக்கு வேண்டிய பொருள்களைச் சொல்வார். ஆவணப் பணியாளர் அவற்றைச் சொற்பட்டியலாக மாற்றுவார். ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லது அது’, ‘இது வேண்டாம்’ என்று இணைப்பார். கணிப்பொறி நாடாவை ஓட்டி, பொருந்தும் கட்டுரைகளை மட்டும் அச்சிட்டுக் கொடுக்கும்.

இதில் யார் பங்கு பெரிது? ‘மெர்குரி’ என்று மட்டும் கேட்டால், பாதரசமும் வரும், புதன் கோளும் வரும். எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதை ஆவணப் பணியாளரே அறிவார். ஆனால் ஆயிரக்கணக்கான சுருக்கங்களை விரைவாகப் பார்க்க அவரால் இயலாது, பொறியால்தான் இயலும். ஒருவரில்லாமல் மற்றவர் இல்லை.

தமிழ்ப் பெயர்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. மேலைநாட்டு முறைப்படி அமைந்த மென்பொருள், பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும். நம் பெயர்களின் முன்னெழுத்துகளோ பெரும்பாலும் ஊரையும் தந்தையையும் குறிப்பவை. சீர்காழியின் பழைய ஆங்கில வடிவமான ‘சியாளி’யும், தந்தை ராமாமிர்தத்தின் பெயருமே ரங்கநாதனின் முன்னெழுத்துகள். முன்னெழுத்தை விரித்துப் பெயருக்குப் பின்னால் எழுதினால், தந்தையின் பெயரே மகனின் பெயராக அட்டவணையில் ஏறிவிடும்! பொறியாளருக்கு இதைச் சொல்ல வேண்டியவர் நூலகரே.

வலைப்பின்னலும் எழுத்துருவும்

1988-இல் பல்கலைக்கழக மானியக் குழு, நூலகங்களை ஒன்றோடொன்று இணைக்க ‘இன்ஃப்லிப்நெட்’ திட்டத்தை வகுத்தது. 1996-இல் அது தன்னாட்சி பெற்ற மையமாயிற்று. ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்ற விதி 2009-இல் வந்தது. ‘சோத்கங்கா’ என்ற அதன் களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகளும் சேர்ந்து வருகின்றன.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். யூனிகோடு முறை பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் எழுத்தின் உருவத்தை ஏற்றிய எழுத்துருக்கள் பல இருந்தன. அவற்றில் தட்டச்சு செய்த ஆய்வேடு கண்ணுக்குத் தூய தமிழாகத் தோன்றும். கணிப்பொறிக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அதனுள் ‘சோழர்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. பல ஆண்டு உழைப்பு, இருந்தும் இல்லாததாகிவிடும். அதை மீட்கப் பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றப் பொறியாளர் வேண்டும். மாற்றியதில் பிழை பார்த்து, பொருட்சொற்களைச் சேர்க்க நூலகர் வேண்டும்.

நம் திருவாலங்காட்டு மாணவருக்கு வருவோம். திருவாலங்காடு, திருவாலங்காட்டு, பழையனூர், ஆங்கிலத்தில் வழங்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் ஆகிய அனைத்தையும் நூலகர் ஒரு பட்டியலில் தொடர்புபடுத்த வேண்டும். எதைத் தட்டினாலும் மற்றவற்றையும் தேடுமாறு பொறியாளர் நிரல் எழுத வேண்டும். இரு துறையினரும் ஒரு மேசையின் முன் அமர்ந்தால் முடியக்கூடிய வேலையே இது.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். தேடியது திரையில் வராவிட்டால் ‘நூல் இல்லை’ என்று திரும்பிவிடாதீர்கள். சொல்லின் வேறு வடிவங்களை இட்டுப் பாருங்கள். பின்னர் நூலகரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்கும் கேள்வியால்தான் அந்தப் பட்டியலில் அடுத்த சொல் சேரும்.