இழுத்தாலும் குலையாத சதுரம்

வடிவியல் என்றதும் நம்மில் பலருக்கு ஜாமெட்ரி பாக்ஸும், அழித்து அழித்துக் கிழிந்த தாளும்தான் ஞாபகம் வரும். தாளில் வரைந்த முக்கோணம் வரைந்தபடியே நிற்கும்; அசைத்துப் பார்க்க வழியில்லை. இந்தக் குறை தீர்ந்த வரலாறு சுவையானது.

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வாக 'ஸ்கெட்ச்பேட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையலாம். இரு கோடுகள் இணையாக இருக்கவேண்டும் என்று சொன்னால் கணினி அப்படியே அமைத்துத் தரும். ஆனால் அது ஆய்வுக்கூடத்து ராட்சச இயந்திரம். பள்ளிக்கூடம் எங்கே, அது எங்கே!

மேசைக் கணினி வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1980களில் பிரான்சின் கிரனோபிள் நகரில் ழான்-மரி லபோர்ட் குழுவினர் 'கேப்ரி'யை உருவாக்கினர். 'ஊடாடும் ரஃப் நோட்டு' என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொற்களின் சுருக்கமே அப்பெயர். 1991இல் அமெரிக்காவில் நிக்கோலஸ் ஜாக்கிவின் 'ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட்' வெளிவந்தது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' பள்ளிகளுக்கு இலவசமாகவே கிடைத்தது. நம் அண்டை மாநிலமான கேரளம் அதை அரசுப் பள்ளிப் பாடத்திலேயே சேர்த்துக்கொண்டது.

இவற்றின் உயிர்நாடி 'இழுத்தல்'. கண்ணளவில் நான்கு கோடு போட்டு ஒரு பையன் சதுரம் என்கிறான். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் சதுரம் குலைந்துவிடும். செங்குத்துக்கோடும் வட்டமும் கொண்டு முறையாக அமைத்திருந்தால், எப்படி இழுத்தாலும் அளவும் திசையும் மாறுமே தவிர சதுரம் சதுரமாகவே இருக்கும். வரைவது வேறு, அமைப்பது வேறு என்பதை எந்த வாத்தியாரும் இவ்வளவு எளிதாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஏதாவது ஒரு நாற்கரத்தின் பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்துப் பாருங்கள். எப்படி இழுத்தாலும் உள்ளே இணைகரமே வரும். வாரிக்னான் கண்ட இந்த உண்மை 1731இல் அச்சேறியது. நூறு தடவை இழுத்துப் பார்த்த பிள்ளை, "அதான் வருதே, அப்புறம் எதுக்கு நிரூபணம்?" என்று கேட்கும். நியாயமான கேள்விதான்! நூறு தடவை வந்தது நூற்றியோராவது தடவையும் ஏன் வந்தே தீரும் என்பதைத் திரை சொல்லாது. ஒரு மூலைவிட்டத்தை வரைந்து, ஒன்பதாம் வகுப்பு நடுப்புள்ளித் தேற்றத்தை நினைத்தால் காரணம் விளங்கிவிடும்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு இந்த மென்பொருளைத் தாராளமாகக் கொடுப்போம். இழுத்துக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்ததும் "ஏன்?" என்று கேட்க மட்டும் பெற்றோரும் ஆசிரியரும் மறக்க வேண்டாம்.