தார் சுற்றும் ராட்டை

தார் சுற்றும் ராட்டை, சிட்டமாக வரும் நூலைப் பிரித்துத் தறிக்கு ஏற்ற வடிவில் சுற்றித் தரும் கைக்கருவி. நீளவாட்டில் ஓடும் பாவுக்கான நூல் இதில் பாபினில் ஏறும். குறுக்கே ஓடும் ஊடைக்கான நூல், அதைத் தறியில் கொண்டுசெல்லும் நாடாவுக்குள் அடங்கும் மெல்லிய தாராகும். காரைக்காலைச் சூழ்ந்த காவிரிக் கழிமுகப் பகுதியில், குறிப்பாகக் கூறைப் புடவைக்குப் பெயர்பெற்ற மயிலாடுதுறையின் கூறைநாட்டில், நெசவு வீட்டுத் தொழிலாகவே வளர்ந்தது. தறி ஒருவர் கையில் என்றால் ராட்டை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், முதியவர்கள் கையில். 1739இல் காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்களைச் சோழமண்டலக் கரைக்கு இழுத்தவற்றுள் பருத்தித் துணி முதன்மையானது. இக்கரையிலிருந்து அவர்கள் அனுப்பிய நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை விலைபோனது. அந்த வணிகத்தின் கணக்குகளில் துணி உண்டு, நூல் சுற்றிய உழைப்புக்குத் தனி வரி இல்லை.

கருவியின் அமைப்பு எளிது. பெரிய சக்கரம், கைப்பிடி, சக்கரத்திலிருந்து கயிற்றால் சுழலும் கதிர், எதிரே சிட்டத்தைத் தாங்கும் பரிவட்டம், இவ்வளவுதான். சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ., கதிரின் கப்பி 3 செ.மீ. என்றால் கைப்பிடி ஒரு முறை சுற்ற, கதிர் 20 முறை சுற்றும். தாரின் சராசரிக் கனம் 1.2 செ.மீ. எனக் கொண்டால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ முக்கால் மீட்டர் நூல் ஏறும்.

பருத்தி நூலின் ஒரு சிட்டம் 840 கெஜம், அதாவது சுமார் 768 மீட்டர். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்குமோ அதுவே நூலின் நம்பர். 60ஆம் நம்பர் நூலில் 60 சிட்டம். மேற்சொன்ன ராட்டையில் ஒரு சிட்டத்துக்கு ஆயிரம் சுற்று தேவை. 47 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 60 ஊடை வீதம் நெய்தால் அந்தச் சிட்டம் ஒரு சாணுக்குச் சற்று மேல்தான் துணியாகும். ஐந்தரை மீட்டர் புடவையின் ஊடைக்கு மட்டும் இருபது சிட்டம், இருபதாயிரம் சுற்று. புடவை விலையைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

வேலை சிட்டத்தை உதறுவதில் தொடங்குகிறது. இரு கைகளிலும் மாட்டி வெடுக்கென்று இழுத்து உதறினால் சாயத்தில் ஒட்டிய இழைகள் பிரியும். பிறகு பரிவட்டத்தில் ஏற்றி, கட்டு நூலை அறுத்து, நுனியைத் தேடித் தார்க்குச்சியில் சுற்றிக்கொள்ள வேண்டும். வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நூலைப் பிடித்து வழிநடத்தும். உண்மையான திறமை இந்த இடக்கையில்தான். நூலில் முடிச்சோ மெலிந்த இடமோ வந்தால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும்.

தாரைக் குச்சியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வீச்சில் சுற்றினால் பயனில்லை. அடியில் கூம்பாகக் கட்டி, குட்டை வீச்சுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நுனி நோக்கி நகர வேண்டும். நாடாவுக்குள் தார் சுழலாது. நூல் நுனி வழியே உருவிக்கொண்டு வரும். தளர்ந்து சுற்றிய தாரில் பல சுற்றுகள் ஒன்றாகச் சரிந்து துணியில் கண்ணி விழும். அளவுக்கு மேல் இறுகினால் ஊடை இழுபட்டுத் துணிக்கரை உள்வாங்கும். பருமன் கூடிய தாரோ நாடாவுக்குள்ளேயே அடங்காது.

பருத்தி ஈரத்தில் வலுக்கூடும் இழை. ஊடையைச் சற்று ஈரமாகச் சுற்றுவதும் அதனால்தான். கடற்கரைக் காற்றின் ஈரம் இதற்குத் துணை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கஞ்சி போட்ட பாவு நூல் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போதே அறும். பட்டுக்கு வேறு கை வேண்டும்: மெல்லிய இழுவை, சீரான வேகம், வழவழப்பான பரிவட்டம்.

கைத்தறிக்கு நூல் சிட்டமாகவே கிடைக்க வேண்டும் என்பதால், ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்குத் தரும் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகக் கட்ட வேண்டும் என்ற அரசு விதி உண்டு. முன்பு 50 விழுக்காடாக இருந்த அந்தப் பங்கு 2003இல் 40, 2019இல் 30 எனக் குறைந்தது. 2019–20ஆம் ஆண்டின் நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. அவர்களுள் ஏறக்குறைய எட்டரை லட்சம் பேர் நூல் சுற்றல், பாவு ஓட்டல், சாயமிடல் போன்ற துணைவேலை செய்பவர்கள்.

பல வீடுகளில் இன்று கைப்பிடிக்குப் பதில் சிறு மின்மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. தோளும் மணிக்கட்டும் தப்பின. ஆனால் நூல் அறுந்தால் உடனே நிறுத்துவதற்குக் கைராட்டையே வசதி.

குரோஷா, கம்பளிப் பின்னல் செய்வோர் மேசை விளிம்பில் மாட்டும் பிளாஸ்டிக் நூல்சுற்றி ராட்டையின் தொலைதூர உறவு. அந்த நூல்சுற்றியில் கூம்பு சாய்ந்தபடி சுழல்வதால் நூல் குறுக்கும் மறுக்குமாகப் படிந்து, நடுவிலிருந்து உருவக்கூடிய தட்டையான உருண்டை கிடைக்கும். கம்பளி நூலை இறுக்கிச் சுற்றக் கூடாது. நீண்டு நின்ற நூலில் பின்னியது, முதல் துவைப்பிலேயே அளவு குறையும். உருண்டை இறுகிவிட்டால் இன்னொரு முறை தளரச் சுற்றிக்கொள்வது வழக்கம்.