விட்டுச் சென்ற தொகுதிகள்: மு. கருணாநிதியின் தேர்தல் வரலாறு, 1957–2016

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்களில் மு. கருணாநிதி 13 முறை போட்டியிட்டார். 13 முறையும் வென்றார். அண்டை மாநிலமான கேரளத்தில் கே. எம். மாணியும் 13 முறை வென்றவர்தான். ஆனால் 1965 முதல் 2016 வரை அவர் பெற்ற வெற்றிகள் அனைத்தும் பாலா என்னும் ஒரே தொகுதியில் கிடைத்தவை. கருணாநிதியோ குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என ஏழு தொகுதிகளில் நின்றார். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இவ்விரு சாதனைகளும் ஒரே தன்மை உடையவை ஆகிவிடா. கருணாநிதியின் வெற்றிகளுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. அவருடைய தனிப்பட்ட செல்வாக்கே காரணம் என்பது ஆதரவாளர் கூற்று. தோல்வி நெருங்கும்போதெல்லாம் தொகுதி மாறித் தப்பித்தார் என்பது எதிர்ப்பாளர் கூற்று. இரண்டுமே வாக்கு விவரங்களுக்கு முன் நிற்பதில்லை என்பதே என் வாதம். அதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: அவர் விட்டுச் சென்ற தொகுதி பிறகு யார் கைக்குப் போனது?

முதலில் சென்னைத் தொகுதிகளைப் பார்க்கலாம். 1967 முதல் 2006 வரை அவர் பெற்ற ஒன்பது வெற்றிகளும் சென்னையில்தான் கிடைத்தன. 1977லும் 1980லும் அவர் வென்ற அண்ணா நகரில் 1989இல் தி.மு.க.வின் க. அன்பழகன் வென்றார். 1989லும் 1991லும் அவர் வென்ற துறைமுகத்தை 1996 முதல் தொடர்ந்து மூன்று தேர்தல்களில் அதே அன்பழகன் தக்கவைத்தார். சேப்பாக்கம், தொகுதி மறுவரையறையில் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து புதிய தொகுதியான பிறகும், 2011இல் ஆட்சியை இழந்த தேர்தலிலேயே, தி.மு.க.விடம் இருந்தது. தோல்விக்கு அஞ்சி ஓடியிருந்தால் அவர் விட்ட இடங்களில் கட்சி தோற்றிருக்க வேண்டும், தோற்கவில்லை. ஆகவே தப்பித்தார் என்ற குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் இதே சான்று மற்றத் தரப்பின் பெருமிதத்தையும் அசைக்கிறது. அவர் இல்லாதபோதும் கழகம் வென்ற தொகுதிகளில் அவர் வென்றதை அவருடைய தனிச் செல்வாக்கின் கணக்கில் முழுமையாக எழுத முடியாது. சென்னையின் வாக்கு முதலில் கழகத்தின் வாக்கு.

வாக்கு வித்தியாசங்களும் இதையே காட்டுகின்றன. 1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐ வென்றது. அடுத்த சில மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். மீண்டுவந்தார், அண்ணா நகரில் அ.தி.மு.க. வேட்பாளர் எச். வி. ஹண்டேயைவிடக் கருணாநிதி பெற்ற கூடுதல் வாக்குகள் 699 மட்டுமே. 1989இல் அ.தி.மு.க. ஜெ. அணி, ஜானகி அணி என இரண்டாகப் பிளந்து கிடந்தது, காங்கிரசும் தனியே நின்றது. துறைமுகத்தில் அவர் 31,991 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டே ஆண்டுகளில், ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த தேர்தலில், எதிர்த்தரப்பு ஒன்றுபட்டு நின்றபோது, அதே தொகுதியில் காங்கிரசின் கே. சுப்புவைவிட அவர் பெற்றது 890 வாக்குகளே கூடுதல். அண்ணா நகரில் 350 பேரும் துறைமுகத்தில் 446 பேரும் எதிர் வேட்பாளருக்கு மாறி வாக்களித்திருந்தால், ‘தோல்வியே காணாதவர்’ என்ற அடைமொழி இன்று இருந்திராது. 1984ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் நிற்கவே இல்லை என்பதையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும். இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்வைத்து 1983இல் சட்டமன்றப் பதவியைத் துறந்த அவர், அப்போது மேலவை உறுப்பினராக இருந்தார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 1991இல் அ.தி.மு.க.–காங்கிரஸ் அணி 234 இடங்களில் 225ஐ வாரிச் சென்றது, தி.மு.க. கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டது. அந்த அலையில் துறைமுகம் தப்பியதற்குக் கருணாநிதி என்ற பெயரன்றி வேறென்ன காரணம்? இதில் உண்மை இருக்கிறது. மற்ற வேட்பாளர்கள் வீழ்ந்தபோது அவரைக் கரையேற்றிய சில ஆயிரம் வாக்குகள் அவருக்காகவே விழுந்தவை என்று ஒப்புக்கொள்ளலாம். எனினும் அது கட்சியின் அடித்தளத்தின்மேல் சேர்ந்த ஒரு சிறு கூடுதல். அந்த அடித்தளம் இல்லாத இடத்தில் அந்தக் கூடுதல் மட்டும் வெற்றி தந்திருக்காது.

தனிச் செல்வாக்குக்கு மறுக்க முடியாத சான்றாகத் திருவாரூரைக் காட்டுவோர் பலர். 2008ஆம் ஆண்டின் மறுவரையறைக்கு முன்பு அது தனித் தொகுதி. அவர் அங்கே நிற்க வழியில்லை. பொதுத் தொகுதியானதும் 2011இல் நின்று 50,249 வாக்கு வித்தியாசத்திலும், 2016இல் மாநிலத்திலேயே அதிகமான 68,366 வாக்கு வித்தியாசத்திலும் வென்றார். இரண்டுமே கழகம் ஆட்சிக்கு வராத தேர்தல்கள். சொந்த மண்ணின் பாசம் என்ற விளக்கம் இயல்பாகவே தோன்றும். ஆனால் 2018இல் அவர் மறைந்தபின், 2019இல் நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் பூண்டி கலைவாணனும் 60,000க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அனுதாபம் ஓரளவு உதவியிருக்கலாம். என்றாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் அனுதாபத்தால் மட்டும் வராது. அந்த அடித்தளத்தைக் கட்டியதே கருணாநிதிதானே என்று கேட்கலாம். சரிதான், அப்படியானால் நாம் புகழ்வது கட்சித் தலைவரையே ஒழிய வேட்பாளரை அல்ல.

வேட்பாளர் கருணாநிதியைத் தேட நாம் 1962க்குப் போக வேண்டும். 1957இல் முதன்முறையாகத் தேர்தலில் இறங்கிய தி.மு.க.வின் சார்பில் சட்டமன்றம் புகுந்த 15 பேரில் அவரும் ஒருவர். நங்கவரம் விவசாயிகளின் போராட்டம் நடந்த குளித்தலை வட்டாரம் அவரை அனுப்பியது. ஐந்தாண்டு கழித்து அந்த 15 பேரையும் வீழ்த்தியே தீர்வது என்று காங்கிரஸ் முனைந்தது; காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். அந்தச் சூழலில் கருணாநிதிக்கு ஒதுக்கப்பட்டது பாதுகாப்பான இடம் அல்ல. காங்கிரசின் வலுவான புள்ளியும் செல்வந்தருமான பரிசுத்த நாடார் நின்ற தஞ்சாவூர் அது. 1,928 வாக்கு வித்தியாசத்தில் கருணாநிதி அவரை வென்றார். இனி என் சோதனையை இங்கும் போட்டுப் பார்ப்போம். 1967இல் கருணாநிதி சைதாப்பேட்டைக்கு மாறினார். மாநிலம் முழுவதும் கழகத்தின் அலை வீசி, காமராசரே விருதுநகரில் தோற்ற அந்தத் தேர்தலில், தஞ்சாவூர் மீண்டும் பரிசுத்த நாடாரிடமே போனது. கட்சி ஆட்சியையே பிடித்த ஆண்டில்கூட அந்த ஊரில் வெல்ல முடியவில்லை. ஐந்தாண்டுக்கு முன்பு, பெரும்பான்மைக்கு வெகுதொலைவில் கட்சி நின்ற காலத்தில், 38 வயதுகூட நிரம்பாத அவர் அங்கே வென்றிருந்தார். அவர் பெயரின்றி நடந்திராத வெற்றி என்று தயங்காமல் சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் 13 என்ற எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது அவருக்கும் நீதி அல்ல, கழகத்தை ஊர் ஊராகக் கட்டியெழுப்பிய தொண்டர்களுக்கும் நீதி அல்ல. அவருடைய தேர்தல் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் திருவாரூரின் 68,366ஐவிடத் தஞ்சாவூரின் 1,928க்குக் கூடுதல் பக்கங்களை ஒதுக்க வேண்டும்.