நீலக்குறிஞ்சி

நீலக்குறிஞ்சி என்பது தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகளில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் ஒரு புதர்ச்செடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. குறிஞ்சி என்று அழைக்கப்படும் பல இனங்களுள் இதுவே பரவலாக அறியப்பட்டது. சங்க இலக்கியம் மலையும் மலைசார்ந்த நிலத்தையும் குறிஞ்சித் திணை எனக் குறிப்பிடுகிறது.

வளரிடம்

இச்செடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1300 முதல் 2400 மீட்டர் வரையான உயரத்தில், சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் வளர்கிறது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளிலும் கேரளத்தின் மூணாறு பகுதியிலும் காணப்படுகிறது. பொதுவாக 30 முதல் 60 செ.மீ. உயரம் வளரும்.

பூக்கும் முறை

ஒரு மலைப்பகுதியிலுள்ள செடிகள் பெரும்பாலும் ஒரே ஆண்டில் சேர்ந்து பூக்கின்றன. மணி வடிவிலான, ஊதா கலந்த நீல நிறப் பூக்கள் சரிவுகளை மூடிவிடும். ஒவ்வொரு செடியும் தன் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே பூத்து, விதைகளை உதிர்த்துவிட்டு மடிகிறது. அவ்விதைகளிலிருந்து அடுத்த தலைமுறை முளைக்கிறது. ஒரே காலத்தில் ஏராளமாக விதைகள் உருவாவதால், அவற்றை உண்ணும் உயிரினங்களிடமிருந்து ஒரு பகுதி தப்பிவிடுகிறது எனக் கருதப்படுகிறது.

நீலகிரி, மூணாறு பகுதிகளில் 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் பூத்தது. அடுத்த பெரும்பூப்பு 2030 இல் எதிர்பார்க்கப்படுகிறது. வேறு சில மலைகளில் வேறு ஆண்டுகளிலும் பூப்பதுண்டு.

பண்பாடு

பளியர் பழங்குடியினர் குறிஞ்சி பூத்த காலங்களைக் கொண்டு தம் வயதைக் கணக்கிட்டனர். கொடைக்கானலிலுள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயில் இப்பூவின் பெயரைத் தாங்கியுள்ளது.

அச்சுறுத்தலும் பாதுகாப்பும்

மலைப் புல்வெளிகள் தரிசு நிலங்களாகக் கருதப்பட்டு, தேயிலை, யூக்கலிப்டஸ், சீகை மரம் ஆகியவை அங்கு பெருமளவில் நடப்பட்டன. இதனால் நீலக்குறிஞ்சியின் வாழிடம் சுருங்கியது. பூக்காத ஆண்டுகளில் இது சாதாரணப் புதராகவே தோன்றுவதால், அழிக்கப்படுவது எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. விதை உதிரும் முன் செடிகள் வெட்டப்பட்டாலோ எரிந்தாலோ, அவ்விடத்தில் அடுத்த தலைமுறையே இல்லாமற் போகலாம். பூக்கும் காலத்தில் சுற்றுலாப் பயணிகள் செடிகளைப் பறிப்பதும் மிதிப்பதும் கேடு விளைவிக்கின்றன.

இரவிகுளம் தேசியப் பூங்காவில் இச்செடி பாதுகாக்கப்படுகிறது. 2006 இல் கேரள அரசு இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, கொட்டகாம்பூர் பகுதிகளில் 32 சதுர கி.மீ. பரப்பைக் குறிஞ்சிமலை சரணாலயமாக அறிவித்தது. 2024 இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் நீலக்குறிஞ்சி அழிவாய்ப்பு இனமாகச் சேர்க்கப்பட்டது.