புளித்த கள்ளும் புளித்த பியரும்

ரொறன்ரோவில் வாழும் என் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் ஒரு கேள்வியைக் கேட்டார். மாத்தளையில் பிறந்து வளர்ந்தவர் அவர். அங்குள்ள சிறு ஆலைகள் தயாரிக்கும் பியர் வகைகளிலே புளிப்புப் பியருக்கு மட்டும் கூடுதல் விலை வாங்குகிறார்களாம். "எங்களூரிலே கள்ளுப் புளித்தால் விலை இறங்கும். இங்கே பியர் புளித்தால் விலை ஏறுகிறதே, ஏன் ஐயா?" என்றார்.

விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆயினும் அதற்குள்ளே மலையகத்தின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறும் கிடப்பதாக எனக்குத் தோன்றியது.

பியரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண பியர் சில வாரங்களில் விற்பனைக்கு வந்துவிடும். பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரைச் சூழ்ந்த ஊர்களில் தயாராகும் 'லம்பிக்' என்ற புளிப்புப் பியர் அப்படியல்ல. காய்ச்சிய தானியச் சாற்றை அகன்ற, ஆழமற்ற தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவொன்றில் திறந்தபடியே ஆறவிடுகிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் தாமாகவே வந்து குடியேறுகின்றன. பின்னர் அது ஓக் மரப் பீப்பாய்களில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கிடக்கும். இளையதையும் முதியதையும் கலந்து போத்தலில் அடைத்து, மேலும் பல மாதங்கள் காத்திருந்தால் 'கூஸ்' கிடைக்கும். இதற்கிடையில் பீப்பாயிலிருந்து ஒரு பங்கு ஆவியாகிப் போகும். சில பீப்பாய்கள் முற்றாகக் கெட்டு, சாக்கடைக்குப் போகும். இந்த நுண்ணுயிர்கள் மற்றப் பியர்களுக்குப் பரவாதிருக்கக் குழாய்களையும் பாத்திரங்களையும் தனியே வைத்திருக்கவேண்டும். முடங்கிக் கிடக்கும் முதலுக்கும், இடத்துக்கும், இழப்புக்கும் சேர்த்தே குடிப்பவர் பணம் கொடுக்கிறார்.

இது புதிய வழக்கமும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனிலேயே, நாள்பட்டுப் புளிப்பேறிய பியர் புதிய பியரைவிட விலை கூடியதாக இருந்தது. அதற்கென மாபெரும் மரத்தொட்டிகளைக் கட்டினார்கள். 1814 ஒக்டோபர் 17ஆம் திகதி அத்தகைய தொட்டியொன்று வெடித்துத் தெருவெல்லாம் பியர் வெள்ளம் ஓடி, எட்டுப் பேர் மாண்டனர்.

இன்று பல ஆலைகள் ஓரிரு நாளிலேயே பாத்திரத்தில் புளிப்பேற்றி விற்கின்றன என்பதையும் நண்பருக்குச் சொன்னேன். அதற்கும் மூன்றாண்டுப் பீப்பாயின் விலையைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். போத்தலை வாங்குமுன் அது எவ்வளவு காலம் கிடந்தது என்று விசாரிப்பதே நல்லது.

இனி மாத்தளைக்கு வருவோம். நக்கிள்ஸ் மலைச்சாரலில், இறத்தோட்டை, லக்கலைப் பக்கங்களில், கித்துள் மரம் வளர்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த பின்னரே பூக்கும். உச்சியில் தொடங்கி ஒவ்வொரு பாளையாகக் கீழிறங்கி, கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், இம்மரத்தின் சாற்றை இனிமையானது, ஆனால் தண்ணீரைவிட வீரியம் கூடியதன்று என்று எழுதியிருக்கிறார். அவர் கண்டது இறக்கிய கையோடு கிடைக்கும் பதநீராக இருக்கவேண்டும். முட்டியில் சில மணிநேரம் கிடந்தால் அது கள்ளாகிவிடும். இன்னும் ஓரிரு நாள் விட்டால் வாயில் வைக்க முடியாத காடிதான். பெல்ஜியப் பீப்பாய் ஆண்டுகளை எண்ணுகிறது. கித்துள் முட்டி மணிகளை எண்ணுகிறது. மாலையில் விற்காத கள்ளுக்கு மறுநாள் மதிப்பில்லை.

காத்திருக்கவும் பயணம் செய்யவும் முடியாத இந்தப் பானத்தைக் கணக்கெடுத்து வரி வாங்குவது எந்த அரசுக்கும் எளிதன்று. சாராயம் அப்படியல்ல. களுத்துறை, பாணந்துறைப் பகுதிகளில் தென்னங்கள்ளிலிருந்து வடித்து, மரப் பீப்பாய்களில் சேமித்து, வண்டியேற்றி மலைநாட்டுக்கு அனுப்பலாம். ஆங்கில அரசு சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி மூண்டதற்கு நாய்வரி, துப்பாக்கி வரி முதலியன காரணமாயின என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். சாராயக் குத்தகையோ ஓசையின்றிக் கருவூலத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

அதைக் குடித்தவர்கள் யார்? மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களுள் அடங்குவர். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் போக எஞ்சியவர்கள் கோப்பித் தோட்டங்களில் சேர்ந்தார்கள். சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பது வழக்கம். கிடைத்த நாளில் தவறணை வழியிலேயே இருந்தது. 1880இல் கண்டி–மாத்தளை இரயில் பாதை திறக்கப்பட்டபின் சரக்கு வருவது இன்னும் எளிதாயிற்று.

சாராயக் குத்தகையே இலங்கையின் புதிய செல்வந்தக் குடும்பங்கள் பலவற்றுக்கு அடித்தளமிட்டது என்று குமாரி ஜயவர்தன தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அந்தச் செல்வத்தில் மலையகத் தொழிலாளியின் கூலியும் கலந்திருக்கிறது என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. பெல்ஜியத்துப் புளிப்புப் பியரின் விலையில் ஏறுவது காலம். எங்கள் தொழிலாளி கொடுத்த விலையில் ஏறியது ஏலத்தொகை. அதை லயத்திலே பசியோடு காத்திருந்த மனைவியும் பிள்ளைகளுமே செலுத்தினார்கள்.

1912இல் வந்த மதுவரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் பிரித்து, கள்ளுக்குத் தனித் தவறணைகளைத் திறக்க வழிசெய்தது. இதற்கெதிராக மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கிளர்ந்தது. அதில் முன்னின்ற டி. எஸ். சேனாநாயக்க உள்ளிட்டோர் 1915 கலவரத்தையொட்டிச் சிறை சென்றனர். அந்த மேடைகளிலே தோட்டத் தொழிலாளியின் குரல் ஒலிக்கவில்லை.

கள்ளுப் புளித்தால் எங்களூரிலும் விலை ஏறும் இடமொன்று உண்டு. அது வினாகிரி. தென்னங்கள்ளை வாரக்கணக்கில் புளிக்கவிட்டுச் செய்யும் அசல் வினாகிரி, அசற்றிக் அமிலத்தில் தண்ணீர் கலந்து விற்கும் போலியைவிட விலை கூடியது. அங்கேயும் காத்திருப்புக்குத்தான் காசு.

இவற்றையெல்லாம் நண்பருக்கு விரிவாக எழுதி அனுப்பினேன். அம்மா அந்நாளில் புளித்த கள்ளு ஊற்றி அப்ப மாவு கரைத்தது நினைவுக்கு வந்ததாகவும், புளிப்புப் பியரை ஊற்றிப் பார்க்க ஆசையாக இருப்பதாகவும் பதில் வந்தது. விலைதான் தடுக்கிறதாம்.