யளனக: எங்கட விரல்களுக்கு ஒரு வரலாறு

அசைன்மன்ட் குடுக்கிற கடைசி நாளுக்கு முதல்நாள் இரவு, கையால் எழுதின தாள்களோட ரைப்பிங் கடை வாசலில நிக்கிறது கலைப்பீடத்தில் எங்களுக்குப் புதிசில்லை. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. கடையில இருக்கிற அக்கா விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டா. கண் எங்கட கிறுக்கல் எழுத்தில் இருக்கும். விரல்கள் தம்பாட்டில் ஓடும். ஒருமுறை அவ அடித்துத் தந்த கோப்பை வேறொரு கணினியில் திறந்தோம். தமிழைக் காணேல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியல்தான் இருந்தது. எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையாம்.

எங்கட மொழியில் நாங்களே எழுதின கட்டுரைக்கு இன்னொருவரின் விரல் ஏன் தேவைப்படுகிறது? இந்தக் கேள்வியோட தேடத் தொடங்கினதில் அமெரிக்கா வரைக்கும் போகவேண்டி வந்தது.

கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப்பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் எப்படி அடிப்பது என்று அப்போது ஆருக்கும் தெரியாது. இரண்டு விரலால் தேடித் தேடிக் குத்தினார்கள். எல்லா விரலாலும் அடிக்கப் பழக்கும் பாடப்புத்தகத்தை 1882இல் எழுதியவர் சின்சினாட்டியைச் சேர்ந்த லோங்லி என்ற பெண். 1888இல் அதே நகரில் ஒரு போட்டி நடந்தது. பார்க்காமலே அடிக்கப் பழகியிருந்த ஃபிராங்க் மக்கரின் அதில் வென்றார். அதோட ஒரு விசயம் தெளிவானது: வேகம் பொறியில் இல்லை, பயிற்சியில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பொறி இருபத்தாறு எழுத்துக்காகச் செய்யப்பட்டது. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று மொத்தம் 247. விசைகளோ நாற்பதுக்குச் சற்று மேல். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு குறி வைத்தாலும் 247 அடங்காது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. வேலைக்காக மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போனவர். அவர் எழுத்துக்களைத் துண்டு துண்டாகப் பார்த்தார். அரவு, கொம்பு போன்றவை தனியே நிற்கும். அவற்றுக்குத் தனி விசை போதும். விசிறியும் புள்ளியும் மெய்யோட ஒட்டி வரும். அவற்றுக்கு ‘நகரா விசை’ வைத்தார். அந்த விசையை அடித்தால் குறி விழும், தாள் நகராது. பிறகு மெய்யை அடித்தால் அதே இடத்தில் வந்து சேரும். அவருடைய பொறிகள் ஜெர்மனியில் தயாராகி வந்தன.

இதற்குத் தட்டச்சு பழகுகிறவர் குடுத்த விலையையும் பார்க்கவேணும். கையால் ‘க்’ எழுதும்போது ககரம் முதலில் வரும், புள்ளி பிறகு வரும். பொறியில் புள்ளி முதலில், ககரம் பிறகு. பள்ளிக்கூடத்தில் பழகின ஒழுங்கை விரல் மறக்கவேண்டியிருந்தது. எழுத்துக்களும் கொஞ்சம் விட்டுக்குடுத்தன. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கொண்டுவந்த சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, லை, னை என்று 13 எழுத்துக்களின் பழைய வடிவங்கள் போய், இன்றைக்கு நாங்கள் எழுதுகிற வடிவங்கள் வந்தன. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது பெரிய வசதி.

இலங்கையில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. ஆனால் சட்டத்தில் இருக்கிற உரிமை வீட்டுக்கு வரும் கடிதத்தில் தெரிய வேணுமென்றால், அலுவலகத்தில் தமிழில் ரைப் அடிக்க ஒருவர் இருக்கவேணும். தமிழ் மட்டும் தெரிஞ்ச வீட்டுக்குச் சிங்களத்தில் கடிதம் வாறது இன்னும் நிக்கேல்லை. தட்டச்சு வகுப்பு வெறும் வேலைவாய்ப்புச் சமாச்சாரம் என்று நாங்கள் நினைச்சது இந்த இடத்தில் மாறினது.

பிறகு கணினி வந்தது. பாமினி எழுத்துரு தட்டச்சுப்பொறியின் வரிசையை ஒட்டியே வந்தது. அதன் தந்திரம் எளிமையானது. கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து. திரையில் மட்டும் தமிழ் உருவம். ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத இடத்தில் உடுப்புக் கழன்றமாதிரி இதுதான் வெளியே தெரியும். அன்றைக்கு எங்கட கோப்புக்கு நடந்தது இதுதான். யூனிகோட்டில் தமிழுக்கென்றே தனி இடம் இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. 1999இல் தமிழ்நாடு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இன்னும் ஒரு படி போனது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ககரமும் இகரமும் அடித்தால் ‘கி’ தானாக வரும். மொழியின் இலக்கணமே விசைகளின் ஒழுங்காகிவிட்டது.

அப்படியிருந்தும் எங்களில் கனபேர் ஃபோனில் ஆங்கில எழுத்தால் அடித்து, கீழே வாற சொற்களில் ஒன்றைத் தெரிவுசெய்கிறோம். அது பிழையில்லை, அவசரத்துக்கு உதவும். ஆனால் லகரமா ளகரமா என்று முடிவெடுக்கிற வேலையை அந்தப் பட்டியலிடம் விட்டுவிடுகிறோம். பத்துப் பக்கக் கட்டுரையை இப்படி அடிக்க ஏலாது. அதனால்தான் திரும்பவும் கடை வாசல்.

இந்த விடுமுறையில் நாங்கள் சிலபேர் சேர்ந்து பழகத் தொடங்கினோம். நாளுக்குப் பதினைந்து நிமிசம், கையை ஒரு துவாயால் மூடிக்கொண்டு. பாமினி வரிசையிலேயே யூனிகோட்டில் அடிக்கலாம். இடக்கை விரல்கள் நாலுக்கும் நடு வரிசையில் ய, ள, ன, க. வலக்கைக்கு த, ம, ட, புள்ளி. சுட்டுவிரல்கள் உள்ளே நகர்ந்தால் ப, அரவு. இவ்வளவை வைத்தே படம், பாடம், தாகம், மகள், பட்டம், கடன் எல்லாம் அடிக்கலாம். பட்டமும் கடனும் முதல் பாடத்திலேயே வருகுதே என்று ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். நடு வரிசை கைவந்த பிறகுதான் மேல் வரிசை. பிழை வந்தால் அழிக்கப் போகாமல் அந்தச் சொல்லை ஐந்துதரம் திரும்ப அடிக்கவேணும். முதல் கிழமை வேகம் பார்க்கக்கூடாது.

மூன்றாவது கிழமையில் அந்தப் பழைய கோப்பைத் திரும்பத் திறந்தோம். அதே ஆங்கிலக் குவியல். ஆனால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருந்த இடத்தில் விரல்கள் தாமாகவே அசைந்தன. அது ‘தமிழ்’ என்று எங்களுக்கு வாசிக்க வந்தது.